செர்மாட்: சறுக்கத் தெரியாத குடும்பம் போகலாமா?

சுவிஸில் பிள்ளைகளோ சகோதரங்களோ இருக்கும் வன்னிக் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது: "அம்மாவையும் அப்பாவையும் வின்ரருக்குக் கூப்பிடுறம், எந்த மலைக்குக் கொண்டுபோறது?" பெரும்பாலும் கிடைக்கும் பதில் திட்லிஸ். லூசேர்னிலிருந்து எங்கெல்பேர்க்குக்கு முக்கால் மணி ரயில், அங்கிருந்து கேபிள் கார், பொழுதுபடமுன் வீடு. ஒரேயொரு நாள்தான் லீவு என்றால் அதோடு நிற்கலாம். மூன்று நான்கு நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு மற்றர்ஹோர்ன் மலையடியில் உள்ள செர்மாட்டைத்தான் சொல்வோம். ஆனால் ஸ்கீ (பலகை மாட்டிப் பனியில் சறுக்குவது) பழகுவதற்காக அங்கே போகாதீர்கள். அவ்வளவு பெரிய ஸ்கீ ஊர், சறுக்காதவர்களுக்குத்தான் கூடுதலாகப் பலன் தரும்.

காரணம் எளிது. இத்தாலியின் செர்வீனியா பக்கத்தையும் சேர்த்தால் இங்கே 360 கிலோமீற்றர் சறுக்குப் பாதை உண்டு. அதில் பெரும்பகுதி ஓரளவு பழகியவர்களுக்கான நீண்ட சிவப்புப் பாதைகள். முதன்முதலில் பலகை மாட்டுபவருக்கு இந்த 360 கிலோமீற்றரில் சில நூறு மீற்றர்தான் பயன்படும். அதற்கும் மலைமேல் ஏற வேண்டும், ஏறுவதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். மறுபக்கம், மலையின் முக்கிய உச்சிகளுக்கெல்லாம் ரயிலோ கேபிள் காரோ போகிறது. வேட்டி கட்டிப் பழகிய அப்பப்பாவும் சாதாரண பனிச் சப்பாத்தோடு 3,000 மீற்றருக்கு மேல் போய் இருந்து தேநீர் குடித்துவிட்டு வரலாம். அந்த வசதி இந்த அளவில் வேறு ஊர்களில் குறைவு.

உயரத்தைப் பற்றி முதலில் பார்ப்போம், ஏனெனில் வீட்டில் பிரஷர்காரர் இருந்தால் கேள்வி அங்கேதான் தொடங்கும். செர்மாட் ஊர் சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் தங்கி வந்தவருக்குச் செர்மாட் ஊரில் மூச்சுப் பிரச்சினை வர நியாயமில்லை. மேலே ஏறும்போதுதான் கணக்கு மாறும். ரயில் போகும் கோர்னர்கிராட் உச்சி 3,089 மீற்றர், கேபிள் கார் போகும் மற்றர்ஹோர்ன் கிளேசியர் பரடைஸ் 3,883 மீற்றர். நம் நாட்டின் உச்சியான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நாட்களைத் திட்டமிடுங்கள்.

முதல்நாள் கோர்னர்கிராட். கோர்னர்கிராட், சுன்னெகா, கிளேசியர் பரடைஸ் என்ற மூன்று மலைகளில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றாலும் இதையே எடுங்கள். 1898 இல் திறக்கப்பட்ட பற்சக்கர ரயில் இது, சுவிஸின் முதலாவது மின்சாரப் பற்சக்கர ரயில். பெரிய ரயில் நிலையத்தின் வாசலுக்கு எதிரிலேயே ஏறலாம். 33 நிமிடத்தில் மேலே விடும். ஏறும்போது வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள், மற்றர்ஹோர்ன் அந்தப் பக்கம்தான். புதிய பெட்டிகள் தாழ்தளம் கொண்டவை, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் சிரமமில்லாமல் ஏறும். காலை முதல் ரயில்களில் போய்விட்டால் குழுவாக வரும் சுற்றுலாக்காரருக்கு முந்தலாம். சீட்டு வாங்கமுன் உச்சியின் நேரலைக் கமராப் படத்தைப் பாருங்கள். ஊரில் முகில் மூடியிருக்க மேலே வெயில் எறிக்கும் நாளும் உண்டு, எதிர்மாறான நாளும் உண்டு. முகில் மூடிவிட்டது என்று காசு திருப்பித் தரமாட்டார்கள்.

திரும்பும்போது நேராகக் கீழே வராமல் இடையிலுள்ள றொற்றன்போடன் நிலையத்தில் இறங்கினால் றிபெல்பேர்க் வரை சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் மரச்சறுக்கு வண்டியில் வரலாம். வண்டியை வாடகைக்கு எடுக்கலாம். ஸ்கீ தெரியாத பெடியளுக்கும் பெட்டைகளுக்கும் பனியில் வேகத்தை உணர இதைவிட மலிவான வழி இல்லை. இரண்டு குதியையும் பனியில் ஊன்றித்தான் நிறுத்த வேண்டும். ஆகவே கணுக்காலுக்கு மேலே வரும் சப்பாத்து அவசியம், ஹெல்மற் அதைவிட அவசியம். கையை ஊன்றி நிறுத்தப் பார்ப்பவர்கள்தான் மணிக்கட்டை முறிக்கிறார்கள். முழங்கால் வருத்தக்காரர் ரயிலிலேயே றிபெல்பேர்க்குக்குப் போய்க் காத்திருக்கலாம்.

சிறுபிள்ளைகள் இருந்தால் இரண்டாம் நாள் சுன்னெகா. மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் ஓடும் இழுவை ரயில் சில நிமிடங்களில் 2,288 மீற்றருக்குக் கொண்டுபோகும். தொடக்கக்காரருக்கான வொல்லி பூங்கா அங்கேதான். நிலத்தோடு ஓடும் நகர்பாயில் ஏறி நின்றால் மேட்டுக்கு ஏற்றிவிடும், லிஃப்டில் தொங்கும் பயமில்லை. பிள்ளை சறுக்கி விழுந்து எழும்புவதை அம்மம்மா உணவகத்து வெயிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மலைப் போக்குவரத்து இலவசம், ஆனால் அதற்கான வொல்லி அட்டையைக் கேட்டு எடுக்க வேண்டும். கேட்காதவருக்குத் தேடிவந்து தரமாட்டார்கள்.

கிளேசியர் பரடைஸ் கடைசி நாளுக்கு. அதுவும் எல்லோருக்கும் அல்ல. ஊரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் 2,200 மீற்றருக்கு மேல் ஏறுகிறீர்கள். உச்சியில் காற்றழுத்தம் கிளிநொச்சியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அதே அளவு குறைவு. கேபிள் காரில் குந்தியிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இறங்கியதும் படம் எடுக்க ஓடிப்போய்ப் பார்வைத்தளப் படிகளில் ஏறும்போதுதான் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளே இருந்து, தண்ணீர் குடித்து, பிறகு ஆறுதலாக நடக்க வேண்டும். வயதானவர்களுக்கு மேலே ஒரு மணித்தியாலம் போதும். தலையிடி, குமட்டல் தொடங்கினால் குளுசை போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அதற்கு மருந்து அடுத்த கேபிள் காரில் இறங்குவதுதான். அண்மையில் மாரடைப்பு வந்தவர், இதயத்துக்கு வலைக்குழாய் (ஸ்ரென்ற்) வைத்தவர், கட்டுப்படாத பிரஷர்காரர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு வைத்தியரைக் கேளாமல் இந்த உச்சி வேண்டாம். தடிமன் பிடித்துக் காது அடைத்திருக்கும் பிள்ளைக்கும் இறங்கும்போது காதுக்குள் கடுமையாகக் குத்தும். மேலே பனிப்பாறைக்குள் 15 மீற்றர் ஆழத்தில் குடைந்த பனி மாளிகை பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஈரக் கையுறையோடு உள்ளே போகாதீர்கள்.

ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும். ஊரில் சுழியத்துக்குக் கீழே 3 என்றால் உச்சியில் சுழியத்துக்குக் கீழே 18 வரை எதிர்பாருங்கள், காற்று அடித்தால் உடம்பு அதைவிடக் கூடுதலாக உணரும். மார்கழிப் பனிக்கே காதைக் கட்டும் நமக்கு இது வேறு உலகம். கொழும்பில் விலைகூடிய ஜக்கற் வாங்கிக்கொண்டு போக வேண்டிய தேவையில்லை. சுவிஸில் இருப்பவர்களிடம் "புரோக்கி" என்றால் தெரியும்: பழைய பொருட் கடைகள். நல்ல ஸ்கீக் காற்சட்டையும் குளிரங்கியும் அங்கே சொற்ப விலைக்குக் கிடைக்கும். உள்ளே உடம்போடு ஒட்டிய கம்பளி அல்லது செயற்கை நூல் உடுப்பு, நடுவில் பஞ்சுபோன்ற பிளீஸ், வெளியே தண்ணீர் புகாத அங்கி என்று மூன்று அடுக்கு. பருத்திப் பெனியன், ஜீன்ஸ் இரண்டும் கூடாது. வியர்வையையும் பனியையும் உறிஞ்சி ஈரமாகி, நின்றவுடனே உடம்பைக் குளிரவைத்துவிடும். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறை சூடு கூடியது. "நாங்கள் கறுப்புத் தோல், எங்களுக்கு எரியாது" என்பது அங்கே செல்லாது. உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும், புதுப்பனி அதில் எண்பது வீதம்வரை திருப்பி அடிக்கும். எஸ்பிஎஃப் 50 வெயில்தடுப்புக் களிம்பு மூக்குக்குக் கீழேயும் நாடிக்குக் கீழேயும் பூச வேண்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நின்றால் அன்றிரவு கண்ணில் மண் போட்டதுபோல அறுக்கும்.

சீனி வருத்தக்காரருக்கு ஒரு தனிக் குறிப்பு. இன்சுலின் உறைந்தால் பிறகு உருகினாலும் பயனில்லை. அதை முதுகுப் பையில் வைக்காமல் உள்ளாடைக்கு மேலுள்ள பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள். இரத்தச் சீனி பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் பிழை காட்டும், ரயிலுக்குள்ளோ உணவகத்துக்குள்ளோ வைத்துப் பாருங்கள். கைபேசி மின்கலமும் அப்படித்தான், பாதிச் சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும்.

வன்னியிலிருந்து போகிறவர்களில் செயற்கைக்காலோடு இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மலை ரயில் சிரமமில்லை. ஊர்த் தெருதான் சிரமம். பகலில் உருகி இரவில் உறைந்த பனி கண்ணாடிபோலக் கிடக்கும். செயற்கைப் பாதம் கணுக்காலில் மடியாது என்பதால் உயரமான பனிச் சப்பாத்து உள்ளே போகாது. பக்கவாட்டில் அடிவரை சிப் திறக்கும் சப்பாத்தாகப் பார்த்து வாங்க வேண்டும். ஊன்றுகோலுக்கு மடக்கி விரிக்கும் கூர்முனை விற்கிறார்கள், வெளியே விரித்துவிட்டுக் கட்டடத்துக்குள் மடக்கிக்கொள்ளலாம். இரண்டு காலும் நல்ல நிலையில் உள்ளவர்களும் சப்பாத்துக்கு மேலே இழுத்து மாட்டும் முள்வலையை வாங்குவது நல்லது. ஸ்கீயில் விழுவதைவிட, பால் வாங்கக் கடைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பு உடைவதுதான் வயதானவருக்குக் கூடுதல் ஆபத்து.

இனி, இவ்வளவு சொல்லியும் ஸ்கீ போட்டே தீருவேன் என்பவர்களுக்கு. சுவிஸில் பிறந்து வளர்ந்த பெறாமக்கள் பள்ளிக்கூட ஸ்கீ முகாமில் பழகியவர்கள். "வாங்கோ சித்தப்பா, நான் பழக்கிறன்" என்று கூட்டிப்போய் முதல்நாளே சிவப்புப் பாதையின் தலைப்பில் நிறுத்திவிடுவார்கள். அன்பு குறைவில்லை, ஆனால் வினை அங்கேதான். சரிவைக் கண்டு பயந்த மனிதர் இயல்பாகவே உடம்பைப் பின்னுக்குச் சாய்ப்பார். பின்னுக்குச் சாய்ந்ததும் பலகையின் முன்பக்கம் பாரமிழக்கும், திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. சரியான நிலை இதற்கு எதிர்: கெண்டைக்காலின் முன்னெலும்பு சப்பாத்தின் முன்நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பலகைகளின் முன்முனைகளைக் கிட்டவும் பின்முனைகளை அகலவும் வைத்து ஆப்புப்போல நின்றால் வேகம் குறையும். சிறுவர் வகுப்பில் இதைப் பீட்சா என்றே சொல்லிக்கொடுப்பார்கள். இதைச் சமதரையில் ஒருவர் பொறுமையாகப் பழக்க வேண்டும். ஸ்கீப் பள்ளியின் குழு வகுப்பில் மூன்று அரைநாள் எடுத்தால் இலகுவான நீலப் பாதையில் மெல்ல இறங்கலாம். பதிவு செய்யும்போதே ஆங்கிலத்தில் சொல்லித்தரும் குழுவைக் கேளுங்கள். அந்த மூன்று அரைநாளுக்கு 360 கிலோமீற்றருக்கான பெரிய பாஸ் வாங்குவது வீண்செலவு. வீட்டில் நால்வருக்கும் ஸ்கீதான் நோக்கம் என்றால் உறவினர் வீட்டுக்குக் கிட்டவுள்ள சிறிய குன்றுகளில் பழகிவிட்டு, அடுத்த வருகையில் செர்மாட்டுக்குப் போங்கள்.

சாமான் வாடகைக்கு எடுக்கும் இடத்தில் "பாட்டா எட்டு" என்று சொல்லிப் பயனில்லை. ஸ்கீச் சப்பாத்தின் அளவு பாதத்தின் நீளம், சென்ரிமீற்றரில். சுவரோடு குதியை வைத்து நின்று அளந்துகொண்டு போங்கள். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்சுவரைத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்தவர்களுக்குப் பாதத்தின் முன்பகுதி அகலமாக இருக்கும், அகலம் கூடிய வார்ப்பைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் கால் விறைத்துப்போகும். காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியது. குளிருக்கென்று இரண்டு போட்டால் இரத்தோட்டம் தடைப்பட்டுக் குளிர் கூடும். பலகை நாடியளவு உயரம் இருந்தால் தொடக்கக்காரருக்குப் போதும். எடையைக் கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். விழும்போது சப்பாத்தைப் பலகையிலிருந்து கழற்றிவிடும் பூட்டின் இறுக்கத்தை எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், பழக்கம் ஆகியவற்றை வைத்துத்தான் அமைப்பார்கள். அது தேவைக்கு மேல் இறுகியிருந்தால் பலகை கழராமல் முழங்கால் தசைநார் அறும்.

பாதையில் உள்ள ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்: கீழே நிற்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருபவர்தான் விலகிப் போக வேண்டும். மஞ்சள் நிறத்தில் குறித்த பாதை இலகுவானது என்று நினைத்துவிடக்கூடாது. அது பனிச்சரிவிலிருந்து காக்கப்பட்டிருந்தாலும் இயந்திரம் சமப்படுத்தாத கரடுமுரடான பாதை.

காப்புறுதியில்தான் பெரிய ஓட்டை விழுகிறது. சுவிஸுக்குப் போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம், ஆனால் அதற்கென்று விற்கப்படும் மலிவான பத்திரங்கள் பலவற்றில் குளிர்கால விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும். சிறிய எழுத்தில் உள்ள விலக்குப் பகுதியை வாசியுங்கள். மலைமீட்பும் ஹெலிகொப்டரும் அடங்கியிருக்க வேண்டும். சுவிஸில் வேலை செய்யும் மகனுக்கு வேலையிடம் மூலமாக விபத்துக் காப்புறுதி உண்டு, அது விசாவில் வந்த அப்பாவுக்குப் பொருந்தாது. மீட்பு அங்கே இலவசமில்லை. விபத்தென்றால் அழைப்பது 144, இந்தப் பள்ளத்தாக்கில் பறந்து வருவது 1968 இல் தொடங்கிய ஏர் செர்மாட். வரும் கட்டண விபரம் பிறகுதான் தெரியும்.

விசாவுக்குப் பயணத் திகதிக்கு ஆறு மாதம் முன்னதாக விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். கைரேகைக்குக் கொழும்புக்கு ஏ9 வழியே இரவுப் பேருந்தில் போய்வர வேண்டும், அழைக்கும் உறவினரிடம் பொறுப்புக் கடிதம் கேட்கப்பட்டால் அது அவரது மாநில அலுவலகம் வழியாகப் போய்வரவும் நாளெடுக்கும். 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம்.

எப்போது போவது? நத்தார், புத்தாண்டு வாரமும் பெப்ரவரிப் பள்ளி விடுமுறையும் வேண்டாம். விலை உச்சம், வரிசை நீளம். தை மாத நடுப்பகுதி மலிவு, ஆனால் கடுங்குளிர், பகலும் குறுகியது. முதியவர்களோடு போக மிகச் சிறந்தது மார்ச் நடுப்பகுதி. நம் பிள்ளைகளின் சித்திரை விடுமுறைக்கும் செர்மாட் பொருந்தும், உயரம் காரணமாக மற்ற ஊர்களில் பனி கரைந்த பின்னும் இங்கே இருக்கும். ஆனால் தாழ்ந்த பாதைகள் மத்தியானத்துக்குப் பிறகு சேறுபோல் இளகிவிடும்.

போவதற்கு ரயிலே நல்லது. சூரிச்சிலிருந்து விஸ்ப் வரை இரண்டு மணித்தியாலம், அங்கே மாறிச் செர்மாட்டுக்கு மேலும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. ஊருக்குள் எரிபொருள் வாகனம் போக முடியாது. காரில் வருபவர் 5 கிலோமீற்றர் முன்னால் டேஷ் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு 12 நிமிடத் தொடர் ரயிலில்தான் வர வேண்டும். தரிப்பிடக் காசையும் ரயில் காசையும் கூட்டினால் கார் மலிவு என்ற கணக்கு பிழைக்கும். "ஹல்ப்டாக்ஸ்" எனப்படும் அரைவிலை அட்டை நெடுந்தூர ரயிலிலும் கோர்னர்கிராட்டிலும் கிளேசியர் பரடைஸிலும் பாதி விலை தரும். வெளிநாட்டவருக்கான மாதாந்த வகையும் உண்டு.

தங்குவதற்குச் சமையலறையுள்ள வீடு எடுங்கள். பலவும் சனி முதல் சனிவரைதான் கொடுப்பார்கள். இறுதித் துப்புரவுக் கட்டணமும் ஊர் வரியும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே கோப் பலசரக்குக் கடை உண்டு, மிக்ரோஸ் கடையும் உண்டு. அரிசியும் பருப்பும் தூளும் உறவினர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு அவிய நேரமெடுக்கும், முதல்நாளிரவே ஊறப்போடுங்கள். செத்தல் மிளகாய் வறுத்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். வெளியே சாப்பிட்டால் றாக்லெற்றும் (உருக்கிய சீஸ்) றோஸ்ரியும் (துருவிப் பொரித்த உருளைக்கிழங்கு) நம் நாக்குக்கு ஒத்துவரும், றோஸ்ரியில் பன்றியிறைச்சி இல்லாமல் கேளுங்கள். பாண் தோய்த்துச் சாப்பிடும் சீஸ் குழம்பான ஃபொண்டுவில் வெள்ளை வைனும் கிர்ஷ் மதுவும் சேர்ப்பது வழக்கம், விரதகாரருக்கும் பிள்ளைகளுக்கும் அது சரிவராது. மலைமேல் உணவகங்களின் விலை கையைச் சுடும், முட்டைச் சான்ட்விச்சும் சுடுதண்ணீர்ப் போத்தலும் எடுத்துப் போகலாம். ஊரில் முகில் மூடிய நாளுக்கு மற்றர்ஹோர்ன் அருங்காட்சியகம் உண்டு. 1865 ஆடி 14 இல் 4,478 மீற்றர் உச்சியை முதலில் தொட்ட எழுவரில் நால்வர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள், அன்று அறுந்த கயிறு அங்கே இருக்கிறது.

இத்தாலிப் பக்கம் போய் மலிவாகச் சாப்பிட்டு வரலாம் என்று ஆசைகாட்டுபவர்கள் உண்டு. ஷெங்கனுக்குள்தான் என்பதால் விசாச் சிக்கல் இல்லை, கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தால் சரி. சிக்கல் காற்று. மாலைக்குள் மேலே காற்று பலத்தால் கடைசி லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். பிறகு மலையைச் சுற்றி வாடகைக் காரில் பல மணித்தியாலப் பயணம். முன்னறிவிப்பில் காற்று என்றிருந்தால் எல்லையைத் தாண்டாதீர்கள்.

ஊரே மூடிக்கொள்ளும் நாளும் வரும். 2018 ஜனவரியில் கடும் பனியால் வீதியும் ரயில்பாதையும் அடைபட்டு 13,000 அளவான சுற்றுலாக்காரர் செர்மாட்டில் சிக்கினார்கள். அதனால் திரும்பும் விமானத்துக்கு முந்திய இரண்டு இரவும் சூரிச், பேர்ன் பக்கத்து உறவினர் வீட்டில் இருக்கும்படி நாட்களை அடுக்குங்கள். மருந்தையும் மலைக்கு அளந்து எடுத்துப் போகாமல் மேலதிகமாக நான்கைந்து நாளுக்குக் கொண்டுபோங்கள்.